குப்பியோ: ஜெயிப்பது யாரென்று முன்பே தெரிந்த பந்தயத்தின் ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இத்தாலியின் மலையூர்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் குப்பியோவைத்தான் சொல்வேன். பக்கத்திலேயே புனித பிரான்சிஸின் ஊரான அசிசி இருப்பதால் வருகிற கூட்டமெல்லாம் அங்கே போய்விடுகிறது. குப்பியோ பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

குப்பியோ எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்வது?

இத்தாலியின் நடுப்பகுதியில், கடலே எட்டாத அம்பிரியா மாநிலத்தில், பெருஜியா மாவட்டத்தில் இருக்கிறது. மோன்தே இன்ஜினோ என்ற மலையின் அடிவாரச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குச் சற்று மேலே, படிப்படியாக ஏறும் சாம்பல் நிறக் கல் ஊர். சுற்றுக் கிராமங்களையும் சேர்த்தால் 30 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள்.

முதல் எழுத்தை ‘குரு’வில் வரும் ‘கு’ போலவும், நடுவில் வரும் ‘ப்பி’யை ‘டப்பா’வில் வரும் ‘ப்ப’ போலவும் சொன்னால் சரியாக வரும். ஊர்க்காரர்கள் தங்களை ‘எயுகுபினி’ என்கிறார்கள். அந்தப் பெயர் ஊரின் பழைய லத்தீன் வடிவத்திலிருந்து வந்தது.

ஊர் எவ்வளவு பழையது?

ரோமானியர்களுக்கும் முன்னால் போகிறது. அம்ப்ரி என்ற இத்தாலியப் பழங்குடியினரின் ஊர் இது. அப்போது பெயர் இகுவியம். இதற்குக் கையில் பிடித்துப் பார்க்கும் சாட்சியே இருக்கிறது: ஏழு வெண்கலத் தகடுகள். 1444-இல் கிடைத்தன. 1456-இல் அவற்றை வைத்திருந்தவரிடமிருந்து ஊராட்சி வாங்கிக்கொண்டது. கொடுத்த விலை பணமில்லை, மேய்ச்சல் உரிமை. உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் ஏங்கும் ஒரு பொருளை இரண்டு வருடப் புல்லுக்கு வாங்கிப் போட்ட ஊர் இது. வெளியே எங்கும் கொடுத்துவிடாமல் இன்றும் ஊருக்குள்ளேயே வைத்திருக்கிறது.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்கும் 1-ஆம் நூற்றாண்டுக்கும் இடையே பொறிக்கப்பட்டவை இவை. சில தகடுகளில் எழுத்து எத்ருஸ்கன் என்ற பழைய இத்தாலிய மக்களின் எழுத்திலிருந்து பிறந்தது, வலமிருந்து இடமாக ஓடும். மற்றவற்றில் லத்தீன் எழுத்து. மொழி இரண்டிலும் ஒன்றுதான், அம்பிரிய மொழி. செத்துப்போன அந்த மொழியில் நமக்குக் கிடைத்திருப்பதில் இதுவே மிக நீளமான எழுத்து.

அதில் ராஜாக்களின் வீரமோ வம்ச வரலாறோ கிடையாது. பன்னிரண்டு பூசாரிகள் கொண்ட ஒரு சபை ஊரைத் தூய்மைப்படுத்தும் சடங்கை எப்படிச் செய்ய வேண்டும் என்ற நடைமுறைக் குறிப்பு அது. முதலில் பறவைகளைப் பார்க்க வேண்டும். காகம், மரங்கொத்தி எல்லாம் எந்தத் திசையில் தெரிகிறது என்பது கணக்கு. பிறகு ஊரின் ஒவ்வொரு வாசலிலும் எந்தத் தெய்வத்துக்கு என்ன பலி, என்ன வார்த்தை, எந்தக் குரலில் என்று விலாவாரியாகப் போகிறது. வெளியூர்க்காரர்கள் யார் யார் விலகிப் போக வேண்டும் என்றுகூடப் பெயர் சொல்லி விரட்டுகிறார்கள். அந்தப் பட்டியலில் பக்கத்து ஊர்க்காரர்களும் உண்டு! எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று: நடுவில் ஏதாவது தடங்கல் வந்தால் அதுவரை செய்தது செல்லாது, முதல் வாசலுக்கே திரும்பிப் போய் மறுபடி பறவை பார்ப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மே மாதத் திருவிழாவைப் பற்றிக் கீழே படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமானியர் காலத்து அரைவட்ட நாடக அரங்கம் ஒன்று, கோட்டைச் சுவருக்கு வெளியே சமவெளியில் இன்னும் நிற்கிறது. அதன் படிக்கட்டில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் இடைக்கால ஊர் முழுவதும் எதிரே திரைச்சீலை போலத் தொங்கும்.

இப்போது கண்ணில் படும் ஊர் எப்போது கட்டப்பட்டது?

பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில். அப்போது குப்பியோ யாருக்கும் அடங்காத தனி நகரம், தன்னைத் தானே ஆண்டது. அந்த மிடுக்கின் உச்சம்தான் பலாட்சோ தேய் கோன்சொலி, அதாவது ஊராள்வோர் மாளிகை. 1332-இல் தொடங்கி 1349 வாக்கில் முடிந்தது. எதிரே அதற்கு ஜோடியாக இன்னொரு மாளிகை கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவே உள்ள பியாட்சா கிராண்டே மைதானம்தான் உண்மையான சாகசம். மலைச்சரிவில் அவ்வளவு பெரிய சமதளம் ஏது? அதனால் கீழே பிரம்மாண்டமான வளைவுகளை எழுப்பி அவற்றின் மேல் மைதானத்தைத் தூக்கி வைத்தார்கள். மூன்று பக்கம் கட்டடம், ஒரு பக்கம் வெறும் கைப்பிடிச் சுவர். அதற்கு அப்பால் கூரைகளும் சமவெளியும்தான். மாடிக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். உண்மையில் மாடிதான்.

மேலே மணிக்கூண்டில் தொங்குவது காம்பனோனே, பெரிய மணி. 1769-இல் வார்த்தது, எடை சுமார் 2 டன். அதை அடிக்கக் கயிறோ மோட்டாரோ இல்லை. மணியடிப்போர் குழு ஒன்று மேலே ஏறி, கையாலும் காலாலும் உந்தி உந்தி ஆட்டுகிறது. முக்கியமான நாட்களில் மட்டும் அடிப்பார்கள். தகடுகள் இருப்பதும் இதே மாளிகையில்தான்.

பிறகு சுதந்திரம் என்ன ஆனது?

1384-இல் பக்கத்து ஊரான உர்பினோவை ஆண்ட மோன்தெஃபெல்ட்ரோ குடும்பத்தின் கைக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் பெயர்பெற்ற பிரபு ஃபெதெரிகோ 1422-இல் குப்பியோவில்தான் பிறந்தார். ஒரு பக்க முகம் மட்டும் தெரிய, மூக்கின் மேல் வெட்டு விழுந்த மாதிரி இருக்கும் அந்த ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள், அவரேதான். 1508-இல் தெல்லா ரோவெரே குடும்பம், 1631-இல் போப்பின் ஆட்சி, 1860-இல் ஒன்றுபட்ட இத்தாலி.

ஃபெதெரிகோவின் குப்பியோ மாளிகையில், பல நிற மரத்துண்டுகளைப் பதித்தே அலமாரி, புத்தகம், இசைக்கருவி எல்லாம் நிஜம்போல் தெரியச் செய்த ஒரு சின்னப் படிப்பறை இருந்தது. பின்னால் வந்த சொந்தக்காரர்கள் அதைப் பெயர்த்து விற்றார்கள். கடைசியில் 1939-இல் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் வாங்கிவிட்டது. குப்பியோவில் இப்போது பார்க்கக் கிடைப்பது நகல். தகடுகளைக் காப்பாற்றிய ஊர் இதைக் கோட்டை விட்டது.

உபால்தோ என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறதே, யார் அவர்?

ஊரின் பாதுகாவலர். 1129 முதல் 1160 வரை குப்பியோவின் ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்தவர். 1150-களில் பதினோரு ஊர்கள் கூட்டுச் சேர்ந்து குப்பியோவைத் தாக்க வந்தபோது மக்களுக்குத் தைரியம் சொல்லி நிற்க வைத்தவர் என்பது ஊரின் நினைவு. 1155-இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா படையோடு வந்தார். ஸ்பொலேத்தோவை எரித்துவிட்டு வந்த படை அது. நோயாளியான கிழ ஆயர் எதிரே போய்ப் பேசினார், குப்பியோ தப்பியது. 1160 மே 16-ஆம் தேதி இறந்தார். 1192-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இரண்டு ஆண்டு கழித்து அவர் உடலை மலையுச்சிக் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே கண்ணாடிப் பேழையில் இருக்கிறது.

மே 15 அன்று என்னதான் நடக்கும்?

உபால்தோ இறந்த நாளுக்கு முந்தைய நாள் அது. அன்று ‘செரி’ ஓட்டம். செரி என்பது பன்மை, ஒன்று என்றால் செரோ. சொல்லுக்குப் பொருள் மெழுகுவர்த்தி. முதலில் புனிதருக்குக் காணிக்கையாகப் பெரிய மெழுகுவர்த்திகளைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவற்றுக்குப் பதிலாக மரத்தில் செய்துவிட்டார்கள். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு செரோ எப்படியிருக்கும்? எண்கோண மரப் பெட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தியது போல, நான்கு மீட்டருக்கு மேல் உயரம். உச்சியில் புனிதரின் சிறு சிலை. அடியில் தோளில் வைத்துத் தூக்க மரச்சட்டம். எல்லாம் சேர்த்து 300 கிலோ அளவில் வரும். மூன்று செரி உண்டு: கொத்தனார்களின் உபால்தோ, வணிகர்களின் புனித ஜார்ஜ், விவசாயிகளுக்கும் கழுதை ஓட்டிகளுக்கும் உரிய வனத்து அந்தோணியார். தூக்குகிறவர்கள் எல்லாருக்கும் வெள்ளைக் கால்சட்டை, சிவப்பு இடுப்புக்கச்சை, கழுத்தில் சிவப்புத் துணி. சட்டை மட்டும் உபால்தோ ஆட்களுக்கு மஞ்சள், ஜார்ஜுக்கு நீலம், அந்தோணியாருக்குக் கறுப்பு. இப்போது தொழில்வாரிப் பிரிவெல்லாம் போய்விட்டது. எந்தக் கட்சி என்பது பெரும்பாலும் குடும்பத்தோடு வருவது.

காலை பதினொன்றரை மணி வாக்கில் பியாட்சா கிராண்டேயில் தூக்கி நிறுத்துவார்கள். படுத்த நிலையில் இருக்கும் செரோவின் சட்டத்தின் மேல் தலைவர் ஏறி நிற்பார். கையில் வண்ணம் தீட்டிய மண் ஜாடி, நிறையத் தண்ணீர். சட்டமும் செரோவும் சேரும் மூட்டில் தண்ணீரை ஊற்றுவார். அடுத்த நொடி ஜாடியைக் கூட்டத்துக்குள் வீசியெறிவார். ஜாடி கீழே விழுவதற்குள் செரோ நிமிர்ந்துவிட வேண்டும், அப்படி ஒரே மூச்சில் தூக்குகிறார்கள். ஜாடி உடைந்த இடத்தில் ஜனம் முண்டியடிக்கும். ஓர் ஓடு கிடைத்தால் அந்த வருடம் அதிர்ஷ்டம். வீட்டில் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறவர்கள் உண்டு. மேலே காம்பனோனே முழங்கிக்கொண்டே இருக்கும். நிமிர்ந்த செரி மூன்றும் மைதானத்தைச் சுற்றும்.

பகலில் தெருத் தெருவாகப் போய்க் காட்டுவார்கள். மாலை 6 மணிக்கு, ஆயர் ஆசி கொடுத்ததும், ஓட்டம். முதலில் இறக்கம், குறுகிய சந்துகள், கூர்மையான திருப்பங்கள். பிறகு மைதானத்தில் மூன்று சுற்று. அப்புறம் ஊர் வாசலைத் தாண்டி மலைப்பாதை. எல்லாம் சேர்த்து சுமார் 4 கிலோமீட்டர், அதில் கடைசிப் பகுதி முழுவதும் செங்குத்து ஏற்றம். அதையும் ஓடித்தான் ஏறுகிறார்கள். ஒரே ஆட்கள் கடைசி வரை தாங்க முடியாது. அதனால் சில பத்து மீட்டருக்கு ஒரு முறை, ஓட்டம் நிற்காமலே, ஒருவர் தோள் விலக இன்னொருவர் தோள் நுழைகிறது. பார்க்கும்போது கண் கட்டும். வழியில் நிற்பவர்களை விலகச் சொல்லி ஒரு கத்தல்: “வியா கெக்கொலி!” தள்ளிக்கோங்க, இதோ வந்துட்டாங்க என்று பொருள்.

முதலில் வருவது யார்?

உபால்தோ. ஒவ்வொரு வருடமும். இரண்டாவது ஜார்ஜ், மூன்றாவது அந்தோணியார். ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. முந்தவும் பாதையில் இடமில்லை.

சரி, அப்படியானால் அது என்ன பந்தயம்?

முதல் முறை கேள்விப்படும் எல்லாரும் கேட்பது இதுதான். ஜெயிப்பது என்பதை இங்கே வேறு மாதிரி எண்ணுகிறார்கள். செரோ விழாமல் போக வேண்டும். சாயாமல், நேராக நிற்க வேண்டும். முன்னால் போவதற்கும் பின்னால் வருவதற்கும் இடைவெளி விழக் கூடாது. ஒரு வளைவில் யார் தோள் தாமதமாக வந்தது, எங்கே ஆட்டம் கண்டது என்று அடுத்த மே வரை பேசுவார்கள். செரோ விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், தூக்கினவர்களின் பேரப்பிள்ளைகள் காலம் வரை அது பேச்சு.

முடிவில் ஒரே ஒரு நிஜப் போட்டி மிச்சமிருக்கிறது. மலையுச்சிக் கோவிலின் முற்றத்து வாசல். முதலில் உள்ளே போகும் உபால்தோ ஆட்கள் கதவைச் சாத்தப் பார்ப்பார்கள். பின்னாலேயே வரும் ஜார்ஜ் ஆட்கள், சாத்துவதற்குள் தங்கள் செரோவை நுழைத்துவிடப் பார்ப்பார்கள். சாத்திவிட்டால் உபால்தோ கட்சிக்குப் பெருமை, நுழைத்துவிட்டால் மற்றவர்களுக்கு. ஒரு வருட உழைப்பு அந்தக் கதவிடுக்கில் தீர்மானமாகிறது.

இந்த விழா எங்கிருந்து வந்தது என்பதில் இரு கட்சி. உபால்தோ இறந்ததிலிருந்து வந்த பக்தி என்கிறது ஒன்று. தானியத் தெய்வம் செரெஸுக்கு எடுத்த பழைய வசந்த விழாவின் மிச்சம் என்கிறது மற்றது. எனக்கு முதல் பக்கம்தான் நம்பும்படி இருக்கிறது. காணிக்கை மெழுகுவர்த்தி என்ற விளக்கம் பெயருக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் ஊரின் வாசல்களைச் சுற்றி, அடி பிசகாமல், வருடாவருடம் ஒன்றைச் செய்து முடிக்கும் பழக்கம் அந்தத் தகடுகளின் காலத்திலேயே இங்கே இருந்தது. அதை மறுக்க முடியாது.

எந்த வருடமாவது நின்றிருக்கிறதா?

பெருந்தொற்று காரணமாக 2020, 2021 இரண்டு ஆண்டும் ஓட்டம் இல்லை. முதல் உலகப் போரின்போது ஆண்கள் எல்லாம் போர்முனையில். அப்போதும் விடவில்லை: 1917-இல் வடக்கே டோலமைட் மலையில், கோல் தி லானா பக்கம் இருந்த குப்பியோ சிப்பாய்கள் அங்கேயே செரி செய்து ஓடினார்கள்.

அமெரிக்காவிலும் ஓடுகிறார்கள். பென்சில்வேனியாவில் ஜெஸப் என்ற ஊர். நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போன குப்பியோ குடும்பங்கள் விழாவையும் கொண்டுபோனார்கள். அம்பிரியா மாநிலத்தின் கொடியில் இருக்கும் மூன்று சிவப்பு வடிவங்களும் இந்தச் செரிதான்.

ஓநாய் கதை உண்மையா?

பிரான்சிஸ் அசிசியார் காலம். குப்பியோவைச் சுற்றி ஒரு பெரிய ஓநாய், ஆடுமாடுகளையும் ஆட்களையும் அடித்துத் தின்கிறது. பிரான்சிஸ் தனியாகப் போய் “ஓநாய்ச் சகோதரா” என்று கூப்பிட்டுப் பேசுகிறார். பசியால்தானே செய்தாய், இனி ஊர் உனக்குச் சோறு போடும், நீ யாரையும் தொடக் கூடாது. ஓநாய் முன்னங்காலைத் தூக்கி அவர் கையில் வைத்து ஒப்புக்கொள்கிறது. பிறகு இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டு, வயதாகி இறந்தது. ஊரே அழுதது.

உண்மையா என்றால், 14-ஆம் நூற்றாண்டில் தொகுத்த கதைகளில் வருவது இது, அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் பிரான்சிஸுக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு. அப்பாவின் சொத்தை உதறி உடுத்திய துணியையும் கொடுத்துவிட்டு அசிசியிலிருந்து கிளம்பியவர் வந்து சேர்ந்தது குப்பியோவில், ஸ்பதாலொங்கா என்ற நண்பர் குடும்பத்திடம்தான். அவர்கள்தான் ஆடை கொடுத்தார்கள். ஓநாய் புதைந்ததாகச் சொல்லும் இடத்தில் ஒரு சிறு கோவில் இருக்கிறது. 1872-இல் அங்கே தரைக்கல்லைப் பெயர்த்தபோது பெரிய ஓநாய் ஒன்றின் எலும்புக்கூடு கிடைத்தது என்று ஊரில் சொல்கிறார்கள். அந்தக் கோவில் கொத்தனார் சங்கத்துடையது, கடைசியில் மறுபடி வரும்.

என்ன சாப்பிடுவார்கள்?

முதலில் கிரெஷா. மாவு, தண்ணீர், உப்பு, கொஞ்சம் சமையல் சோடா, ஒரு கை எண்ணெய் அல்லது பன்றிக் கொழுப்பு. ஈஸ்ட் வைத்துப் பொங்க விடுவதில்லை. பிசைந்து, விரல் கனத்துக்கு வட்டமாகத் தட்டி, முள்கரண்டியால் அங்கங்கே குத்தி, காய்ந்த கனமான வட்டக் கல்லில் போடுவார்கள். தோசைக்கல்லுக்குத் தடித்த அண்ணன் மாதிரி இருக்கும் அந்தக் கல்லுக்கு இங்கே பனாரோ என்று பெயர். இரண்டு பக்கமும் கறுப்புப் புள்ளி விழும்வரை விட்டு, இறக்கி, முக்கோணமாக வெட்டி, நடுவில் பிளந்து, உள்ளே உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி, சாசேஜ், செம்மறிப் பால் சீஸ், வதக்கிய கீரை என்று வைப்பார்கள். பெருஜியாவில் இதையே ‘தோர்த்தா அல் தெஸ்தோ’ என்பார்கள். குப்பியோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் முகம் சுளிப்பார்.

கிரெஷாவுக்குத் துணை ஃபிரிக்கோ. கோழி, முயல், வாத்து, ஆட்டுக்குட்டி ஆகியவற்றில் ஒன்றையோ சிலவற்றைச் சேர்த்தோ சின்னத் துண்டாக வெட்டி, பூண்டு, ரோஸ்மேரி, வெள்ளை ஒயின், வினிகர், தக்காளி சேர்த்து நேரமெடுத்து வேகவைக்கும் குழம்பு. வினிகரின் புளிப்புதான் அடையாளம். தட்டில் மிஞ்சும் சாற்றைக் கிரெஷாவால் வழித்துச் சாப்பிட்டு முடிப்பது மரியாதைக் குறைவு ஆகாது. வழிக்காமல் வைப்பதுதான் ஆகாது.

மே 15 அன்று மட்டும் இறைச்சி இல்லை, அது உபால்தோவின் திருநாளுக்கு முந்தைய நாள், விரதம். அதனால் உப்புக்கருவாடாக வரும் காட் மீனும் மற்ற மீன்களும்தான் அன்றைய சாப்பாடு. 300 கிலோவைத் தூக்கிக்கொண்டு மலையேறப் போகிறவர்கள் மத்தியானம் மீன் விருந்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

குளிர்காலத்துக்கு இம்பிரெச்சாத்தா, பல பருப்பும் தானியமும் சேர்ந்த கெட்டி சூப். மாவைக் கரைத்து எண்ணெயில் ஊற்றிப் பொரிக்கும் புருஸ்டெங்கோ, பழைய ஏழை வீட்டுப் பலகாரம். இலையுதிர்காலத்தில் வெள்ளை ட்ரஃபிள் என்ற காளான். மண்ணுக்கடியில் விளையும் இதை நாயை விட்டு மோப்பம் பிடித்துத் தோண்டுவார்கள். சமைப்பதில்லை, சூடான முட்டை அல்லது பாஸ்தாவின் மேல் மெல்லிசாகச் சீவிப் போட்டால் போதும். அந்தப் பருவத்தில் ஊரில் அதற்கென்றே சந்தை கூடும்.

ரொட்டியில் ஏன் உப்பே இல்லை?

அம்பிரியா ரொட்டி அப்படித்தான். வழிகாட்டிகள் சொல்லும் கதை: 1540-இல் போப் மூன்றாம் பவுல் உப்பு வரியை ஏற்றினார், பெருஜியா மக்கள் கோபத்தில் உப்பையே விட்டுவிட்டார்கள். கலகம் நடந்தது நிஜம். ஆனால் அப்போது குப்பியோ போப்பின் ஆட்சியிலேயே இல்லை, உர்பினோ பிரபுவிடம் இருந்தது. கதை பெருஜியாவுக்கு வேண்டுமானால் ஒத்துவரும், குப்பியோவுக்கு ஒத்துவராது. உப்பு ஏறிய இறைச்சிக்கும் சீஸுக்கும் உப்பில்லா ரொட்டி பொருத்தம் என்பது எனக்குப் போதுமான காரணம்.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். கீரையும் சீஸும் வைத்த கிரெஷா, ட்ரஃபிள் பாஸ்தா, பருப்பு சூப் எல்லாம் பார்வைக்குச் சைவம். கிரெஷா மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். சூப்பைத் தாளித்தது அதே கொழுப்பாக இருக்கலாம். செம்மறி சீஸைப் பெரும்பாலும் விலங்கு ரென்னெட் (குட்டிகளின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை) வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள்.

வீடுகளில் இரண்டாவதாக ஒரு குறுகிய கதவு இருக்கிறதே?

அதற்குப் ‘பிணக் கதவு’ என்று பெயர். தெரு மட்டத்துக்கு மேலே, ஒடுக்கமாக, பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும். சவப்பெட்டியை வெளியே கொண்டுபோக மட்டும் திறப்பார்கள் என்று பயணிகளிடம் சொல்வது வழக்கம். அந்தக் கதவுகளின் அகலத்தைப் பார்த்தால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. கீழ்த்தளம் கடை, பட்டறை. மேலே குடியிருப்புக்குப் போகும் படிக்கட்டின் வாசல் இது. கலவரம் வந்தால் மர ஏணியை உள்ளே இழுத்துக்கொண்டு சாத்திவிடலாம். இந்த விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

டைனோசருக்கும் குப்பியோவுக்கும் என்ன சம்பந்தம்?

ஊரை விட்டு நடந்தே போகும் தூரத்தில் பொத்தச்சோனே என்ற பள்ளத்தாக்கு. சாலையோரப் பாறையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமான சுண்ணாம்பு அடுக்குகள், ஒரு காலத்தில் கடலடி. அவற்றின் நடுவே ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு களிமண் கீற்று. கீற்றுக்குக் கீழே நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் ஏராளம். மேலே அநேகமாக எல்லாம் காணாமல் போயிருக்கும். 1970-களில் வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர் அந்தக் களிமண்ணை எடுத்துத் தன் அப்பாவிடம் காட்டினார். அப்பா லூயிஸ் அல்வாரெஸ், நோபல் வாங்கிய இயற்பியலாளர். சோதித்தால், பூமியின் மேலோட்டில் மிக அரிதான இரிடியம் வழக்கத்தைவிடச் சுமார் 30 மடங்கு. விண்ணிலிருந்து ஏதோ வந்து மோதியிருக்க வேண்டும் என்று 1980-இல் அறிவித்தார்கள். 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முன் டைனோசர்களை அழித்தது விண்கல் என்ற பேச்சு தொடங்கியது இந்தப் பாறையில்தான். எல்லாரும் விரல் விட்டுச் சுரண்டியதில் அந்த இடம் குழிந்துவிட்டது.

மற்ற விழாக்கள்?

புனித வெள்ளி இரவில் இறந்த கிறிஸ்துவின் ஊர்வலம். அன்று மணி அடிக்கக் கூடாது, அதனால் இரும்புப் பிடி வைத்த மரப்பலகையை ஆட்டித் தட்டிக்கொண்டே போவார்கள். தெருமுனைகளில் தீ எரியும், இரண்டு பாடகர் குழுக்கள் மிசெரேரே என்ற பழைய, மன்னிப்புக் கேட்கும் பாடலைப் பாடும். மே கடைசி ஞாயிறு, பக்கத்து மாநிலத்து சான்செபோல்க்ரோ ஊரோடு குறுக்குவில் போட்டி. 36 மீட்டர் தூரத்தில் இலக்கு. இங்கே ஜெயிப்பவர் யாரென்று முன்பே தெரியாது! டிசம்பர் 7 மாலை மலைச்சரிவு முழுவதும் விளக்கு வைத்து 650 மீட்டருக்கு மேல் உயரமான கிறிஸ்துமஸ் மரம் ஒன்றை வரைகிறார்கள். 1981 முதல் நடக்கிறது, 1991-இல் கின்னஸில் ஏறியது.

‘நாற்பது தியாகிகள்’ என்று இன்னொரு மைதானத்துக்குப் பெயர் ஏன்?

1944 ஜூன் 22 அன்று, ஒரு ஜெர்மன் அதிகாரி கொல்லப்பட்டதற்குப் பழியாக, ஜெர்மானியப் படை ஊர்க்காரர் 40 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஒரு தாயும் மகளும் உண்டு. கொன்ற இடத்தில் நினைவகம் இருக்கிறது.

பைத்தியக்காரச் சான்றிதழ் என்கிறார்களே?

விளையாட்டில்லை, அச்சடித்தே தருகிறார்கள். பார்ஜெல்லோ என்ற சின்ன முக்கில் 16-ஆம் நூற்றாண்டு நீரூற்று ஒன்று. அதை மூன்று முறை சுற்றி ஓட வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் சாட்சியாக நின்று தண்ணீரைத் தலையில் தெளிக்க வேண்டும். அப்புறம் நீங்கள் குப்பியோவின் அங்கீகாரம் பெற்ற பைத்தியம். செரி மைதானத்தில் சுற்றுவதும் மூன்று, இதுவும் மூன்று.

எப்படிப் போவது?

ஊருக்கு ரயில் இல்லை. ரோம்–அன்கோனா பாதையில் ஃபொஸ்ஸாத்தோ தி வீக்கோ நிலையத்தில் இறங்கி, சுமார் 20 கிலோமீட்டர் பஸ். பெருஜியாவிலிருந்தும் பஸ் உண்டு, 40 கிலோமீட்டர். ஊருக்குள் எல்லாம் ஏற்றம், வழுக்காத செருப்பு முக்கியம்.

மலைமேல் கோவிலுக்குப் போக ஒரு கம்பிவடம் இருக்கிறது. பெட்டி என்று எதிர்பார்க்காதீர்கள், இடுப்பளவு கம்பிக் கூண்டு, இரண்டு பேர் நிற்கலாம். அது நிற்காது. தரையில் குறித்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும், கூண்டு வரும்போது ஊழியர் தூக்கிப் போடாத குறையாக ஏற்றிவிட்டுக் கதவைக் கொக்கி மாட்டுவார். ஆறு நிமிடம் மரத்துக்கு மேலே தொங்கிக்கொண்டு போகலாம். உயரம் பயம் என்றால் நடந்து போங்கள், செரி போகும் அதே பாதைதான்.

மே 15-க்குப் போக முடியாவிட்டால் செரியைப் பார்க்க முடியுமா?

முடியும். ஜூன் 2 அன்று சின்னப் பிள்ளைகளுக்கான சிறிய செரி ஓட்டம் உண்டு, அதே உடை, அதே கத்தல். மற்ற நாட்களில் பெரிய செரி மூன்றும் மலைமேல் கோவிலுக்குள்ளேயே, ஒரு பக்கமாக நிற்கின்றன. மே முதல் ஞாயிறு அன்று கீழே கொண்டுவருவார்கள், 15-ஆம் தேதி மாலை தோளில் ஏறித் திரும்பி வந்துவிடும்.

கோவிலில் நிற்கும்போது அவற்றின் உச்சி வெறுமையாக இருக்கும். சிலைகள் அங்கே தங்குவதில்லை. ஓட்டம் முடிந்த அன்று இரவே, இருட்டில், கையில் விளக்கோடு பாடிக்கொண்டு மூன்று புனிதர்களையும் கீழே எடுத்து வந்துவிடுகிறார்கள். வருடம் முழுக்க அவர்கள் இருப்பது ஊருக்குள், ஓநாய் புதைந்ததாகச் சொல்லும் அந்தக் கொத்தனார் கோவிலில்.